கிறிஸ்தின் கதையின் இறுதி நூல் 'சிலுவை': அவள் மலையிலேயே தங்கியிருக்க வேண்டுமா?

நெய்தல் வாசகி:

நார்வே எழுத்தாளர் சிக்ரிட் உன்செட் எழுதிய, இடைக்கால நார்வேயில் நடக்கும் 'கிறிஸ்தின் லாவ்ரன்ஸ்தத்தர்' முந்நூல் வரிசையை ஆங்கில வழியாகப் படித்து முடித்தவர்கள் இங்கே சிலராவது இருப்பார்கள் என்ற நம்பிக்கையில், மூன்றாவது நூலான 'சிலுவை'யைப் பற்றி மட்டும் பேச இந்த இழையைத் தொடங்குகிறேன். முடிவு உட்பட எல்லாமே பேசப்படும் என்பதால், இன்னும் படிக்காதவர்கள் படித்துவிட்டு வருவது நல்லது.

1920இல் வெளிவந்த முதல் நூலான 'மாலை', தந்தை நிச்சயித்த சிமோனை மறுத்துவிட்டு, ஊரறியக் கெட்ட பெயர் எடுத்திருந்த எர்லெண்டையே மணப்பேன் என்று நின்று வென்ற கிறிஸ்தின் என்ற பெண்ணின் கதை. அடுத்த ஆண்டு வந்த 'மனைவி', எர்லெண்டின் ஹூசபி பண்ணையில் அவள் பட்ட பாடுகளையும், எர்லெண்ட் அரசன் மாக்னுஸுக்கு எதிரான சதியில் இறங்கி, சிறைப்பட்டு, சித்திரவதைக்கு ஆளாகி, உயிர் மட்டும் மிஞ்சி வெளியே வருவதையும் சொல்லியது. 1922இல் வந்த 'சிலுவை'யில் குடும்பம் கிறிஸ்தினின் தந்தைவழிப் பண்ணையான யோருண்ட்கோர்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஏழு மகன்கள் வளர்ந்துகொண்டிருக்கிறார்கள்.

என் குறையை நேராகவே சொல்லிவிடுகிறேன். ஒரு வாக்குவாதத்தில், என் தந்தையின் இருக்கையில் அமர நீ தகுதியானவன் அல்லன் என்ற பொருள்பட அவள் பேசிவிட, அவன் குதிரையேறி ஹௌகன் என்ற சிறிய மலைப்பண்ணைக்குப் போய்விடுகிறான். அதன்பின் ஒருவர் இறங்கி வரவில்லை, மற்றவர் ஏறிப்போய்த் தங்கவில்லை. இரண்டு பெரிய நூல்களாக நாம் பின்தொடர்ந்த காதலை இரண்டு பிடிவாதங்களின் சண்டையாகச் சுருக்கி, அவனை ஓர் அற்பக் கைகலப்பில் சாகடித்து, அவளைக் கொள்ளைநோயில் சாகடித்திருக்கிறார் ஆசிரியர். அவள் ஒரு முறை போனாளே, அப்போதே ஹௌகனில் தங்கியிருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்? உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ஏட்டுச்சுவடி:

என்ன கெட்டுப்போயிருக்கும் என்று கேட்கிறீர்கள். மகன்களின் வாழ்வு கெட்டுப்போயிருக்கும் என்பதே என் பதில். எர்லெண்ட் இழந்தது அவனுடைய சொத்தை மட்டுமன்று. ஹூசபி அவனுக்குப் பின் அந்தப் பையன்களுக்கு வந்திருக்க வேண்டிய இடம். மாக்னுஸுக்குப் பதிலாக ஹாகோன் கனுட்சோனை அரியணையில் ஏற்றும் கனவில் அவன் அதைப் பறிகொடுத்தான். அதிலும் சதிக்கடிதம் வேறொரு பெண்ணின் வீட்டில் அவன் கவனக்குறைவால் வெளிப்பட்டது என்பதை நாம் மறந்துவிட முடியாது. எஞ்சியிருந்தது யோருண்ட்கோர்டு ஒன்றுதான். அதைக் கவனிப்பாரின்றி விட்டுவிட்டு, நல்ல விளைச்சலுக்கே வழியில்லாத ஒரு மலைக்குடிலில் போய் உட்கார்ந்து கணவனோடு கொஞ்சிக்கொண்டிருக்க, இளம்வயதில் கன்னிமடத்தில் தங்கியிருந்த பழைய கிறிஸ்தினாக அவள் இப்போது இல்லை.

இன்னொன்றையும் யாராவது சொல்ல வேண்டும். எர்லெண்டின் பழைய துணைவி எலினே இறந்த இடம் அதே ஹௌகன்தான். முதல் நூலில் அவள் நஞ்சோடு வந்ததும், கத்தியில் முடிந்ததும், இருவரும் பிணத்தைக் கொண்டுபோக வழி தேடியதும் அந்த வீட்டில்தான். அந்தக் கூரையின் கீழ் குடித்தனம் நடத்த வா என்று மனைவியை அழைப்பவன் ஒன்று பெருமறதிக்காரனாக இருக்க வேண்டும், அல்லது அச்சமே அறியாதவனாக இருக்க வேண்டும். எர்லெண்ட் இரண்டுமாக இருந்தான் என்பதே அவனுடைய கவர்ச்சி என்று நீங்கள் சொல்லக்கூடும். அவளுக்கு மறதி வராது. மூன்று நூல்களிலும் அவளுடைய பெரிய குணமும் பெரிய குற்றமும் அதுவே. எதையும் மறக்க மாட்டாள், தேவைப்படும் நேரத்தில் எடுத்து வீசுவாள்.

கரிசல்காட்டான்:

ஏட்டுச்சுவடி ஐயா சொன்ன கணக்கு வழக்கெல்லாம் சரியாக இருக்கலாம், ஆனால் அவர் எர்லெண்டின் இடத்தில் நின்று பார்க்கவில்லை. யோருண்ட்கோர்டில் அவன் நிலை என்ன? நம் ஊரில் வீட்டோடு மாப்பிள்ளை என்று சொல்வோமே, அதுதான். அதுவும் மாமனார் இறந்தபின், அந்த மாமனாரைத் தெய்வமாக நினைக்கும் ஊரில். பள்ளத்தாக்கில் உள்ள ஒவ்வொருவரும் மாமனார் லாவ்ரன்ஸ் இப்படிச் செய்திருப்பாரா என்ற அளவுகோலால்தான் அவனை அளக்கிறார்கள். ஹூசபியில் தலைவனாக இருந்தவன், கப்பலோட்டியவன், வடக்கே எல்லைக்காவலில் இருந்தவன், வைக்கோல் போருக்கும் மாட்டுத்தொழுவத்துக்கும் ஏற்றவன் அல்லன் என்பது திருமணத்துக்கு முன்பே அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் ஆசைப்பட்டாள். பிறகு அவனிடம் தந்தையைத் தேடினால் குற்றம் யாருடையது?

ஹௌகன் சிறியதுதான். ஆனால் அவன் யாருக்கும் விருந்தாளியாக இல்லாத ஒரே நிலம் அது. என் பக்கம் வா என்று அவன் அழைத்ததில் ஆணவம் மட்டுமே இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. வாழ்நாளில் ஒரு முறையாவது, மகன்களின் தாயாக அல்லாமல், தந்தையின் மகளாக அல்லாமல், தன் மனைவியாக அவள் வருவாளா என்று பார்க்க நினைத்திருக்கிறான். அவள் மலையேறிய அந்தக் கோடைப்பகுதியைத் திரும்பப் படித்துப் பாருங்கள். முதல் நூலின் மகிழ்ச்சி ஒரு சில நாள் திரும்பி வருகிறது. வந்த வேகத்தில் அவள் மகன்களைப் பற்றியும் பண்ணையைப் பற்றியும் பேசத் தொடங்குகிறாள்.

ஏட்டுச்சுவடி:

அந்த மகன்களுக்குத் தந்தை அவன்தானே, கரிசல்காட்டான். அந்தப் பேச்சு அவனுக்கு ஏன் இடையூறாகப் பட வேண்டும்?

தாழம்பூ:

நீங்கள் மூவரும் கணவன் மனைவி வழக்கையே விசாரித்துக்கொண்டிருக்கிறீர்கள். என்னைப் பொறுத்தவரை 'சிலுவை' சிமோனின் நூல். முதல் பகுதி பெரும்பாலும் அவன் கண்வழியாகவே நகர்கிறது; இரண்டாம் பகுதி அவனுடைய மரணத்தோடு திரும்புகிறது. தன்னை மறுத்தவளின் தங்கை ராம்போர்கை அவன் மணந்திருக்கிறான். பக்கத்துப் பண்ணையான ஃபோர்மோவில் வாழ்கிறான். எர்லெண்டைச் சிறையிலிருந்து மீட்க ஓடியவர்களில் முதல்வன் அவனே. தன் காதலை ஒருவரிடமும் சொல்லாதவன், அதைச் செயலாக மட்டுமே காட்டுகிறவன், அதனாலேயே தன் வீட்டுக்குள் ஒரு பெண்ணைப் பட்டினி போட்டுக்கொண்டிருக்கிறோம் என்பதை அறியாதவன்.

அவனுடைய மகன் ஆந்திரெஸ் நோயில் கிடக்கும் இரவை நினைத்துப் பாருங்கள். சாகக் கிடக்கும் பிள்ளையின் மேல், இறந்தவன் ஒருவனின் கல்லறையிலிருந்து வெட்டிய புல்தரையை வைத்தால் உயிர் பிழைக்கும் என்ற பழைய நம்பிக்கையைப் பின்பற்றி, கிறிஸ்தின் தனியாக இரவில் தேவாலயத்து இடுகாட்டுக்குப் போகிறாள். திருச்சபை விலக்கிய செயல் அது. பிறர் பிள்ளைக்காக அவள் தன் ஆன்மாவையே பணயம் வைக்கிறாள். பையன் பிழைத்துவிடுகிறான். மூன்று நூல்களிலும் எனக்கு மயிர்க்கூச்செறிந்த இடம் அதுதான். சிமோன் தன் உயிரை வைத்து அவளுக்காகச் செய்தவற்றுக்கு அவள் தந்த பதில் அது. இருவரும் அதைப் பதில் என்று சொல்லிக்கொள்ளவில்லை.

பிறகு, குடித்துவிட்டுச் சண்டையிட்ட இருவரை விலக்கப்போன இடத்தில் சிமோனுக்குக் கையில் வெட்டு விழுகிறது. சிறிய காயம் நஞ்சேறி அவனைக் கொன்றுவிடுகிறது. சாவதற்குமுன் இதுவரை சொல்லாததைச் சொல்லிவிடுவான் என்று நாம் காத்திருக்கிறோம். அவனோ, எர்லெண்டிடம் போய்ச் சேர் என்று அவளிடம் கேட்டுக்கொள்கிறான். அவள் ஹௌகனுக்கு ஏறியது அந்தச் சொல்லுக்காகத்தான். ஆகவே நெய்தல் வாசகியின் கேள்விக்கு என் பதில் வேறுவிதமானது: அவள் போனது கணவன்மேல் கொண்ட ஆசையால் மட்டுமன்று, இறந்தவனுக்குக் கொடுத்த வாக்கை நிறைவேற்றவும்தான். வாக்குக்காகப் போனவள் தங்க மாட்டாள்.

நெய்தல் வாசகி:

தாழம்பூ, உங்கள் கடைசி வரியை மறுக்க எனக்கு வழி தெரியவில்லை. ஆனாலும் சிமோனை நீங்கள் கொஞ்சம் அதிகமாகவே புனிதப்படுத்துகிறீர்கள். அவனுடைய அமைதியின் விலையைக் கொடுத்தவள் ராம்போர்க். சிறுமியாக இருந்தபோதே அவனை விரும்பி, அவனே வேண்டும் என்று கேட்டு மணந்தவள். அவனுடைய நல்ல நடத்தையைத் தவிர வேறொன்றும் அவளுக்குக் கிடைக்கவில்லை. அவன் இறந்தபின் அக்காவின் முகத்துக்கு நேரே, அவர் உன்னைத்தான் நேசித்தார் என்று அவள் சொல்லும் இடத்தில், இத்தனை ஆண்டுகளாகக் கிறிஸ்தின் அதைப் பார்க்கவே இல்லை என்பதும் வெளிப்படுகிறது. தன்னை யார் நேசிக்கிறார்கள் என்று பார்க்கத் தேவையில்லாத அளவுக்கு நேசிக்கப்பட்டவள் அவள். அந்தக் காட்சிக்குப் பிறகு ராம்போர்க் வேறொருவரை மணந்து கதையிலிருந்து ஏறத்தாழ விலகிவிடுகிறாள். ஆசிரியர் அவளுக்கு இன்னும் சில பக்கங்களாவது கொடுத்திருக்கலாம்.

தாழம்பூ:

அதில் உங்களோடு முழுமையாக உடன்படுகிறேன். ராம்போர்கின் பார்வையில் இந்த முந்நூல் வரிசையை யாராவது எழுதினால் முதல் ஆளாக வாங்குவேன்.

வேனிற்காலம்:

குறுக்கிடுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். இறுதிப் பகுதியைப் பற்றி எவரும் பேசவில்லை என்பதால் கேட்கிறேன். மகன் கௌதே யோஃப்ரிடைத் தூக்கிக்கொண்டு வந்து, பிறகு மணந்து, அவள் வீட்டுத்தலைவியாகி, கிறிஸ்தின் சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கும் பகுதி எனக்குப் பெரும் சலிப்பாக இருந்தது. எர்லெண்ட் இறந்ததும் நூல் முடிந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அதோடு, நூலாசிரியர் 1924இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தவர் என்பதை அறிந்தபோது, கதைத்தலைவியைக் கடைசியில் ரெய்ன் மடத்துக்கு அனுப்பியது கதையின் தேவையா, எழுதியவரின் தேவையா என்ற ஐயமும் வந்தது.

ஏட்டுச்சுவடி:

வேனிற்காலம், இரண்டாவது ஐயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் அது சுருக்கமாக முடிந்துவிடும். மதப்பரப்புரை செய்ய வந்தவர், பாமர வதந்தியை நம்பி ஒரு மனைவியின் மானத்தைக் குலைக்கத் துணைபோகும் சோல்முண்ட் போன்ற பாதிரியாரைப் படைத்திருக்க மாட்டார். பெரும்பிணிக்கு அஞ்சி ஒரு சிறுவனை உயிரோடு புதைக்கத் துணிந்தவர்களும் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவர்களே என்பதையும் அவர் மறைக்கவில்லை. அவள் கடைசியில் சேரும் இடம் மடமாக இருந்தாலும், அங்கே அவள் துறவியாகவே சாகவில்லை. தன் பராமரிப்புக்கெனக் கொண்டுவந்த சொத்தோடு தங்கியிருந்த கைம்பெண்ணாகவே நமக்குத் தெரிகிறாள்.

சலிப்பு என்பதைப் பொறுத்தவரை, அந்தப் பகுதியை வயதில் கொஞ்சம் ஏறியபின் மறுபடி படியுங்கள் என்று சொல்வதைத் தவிர வேறு வழியில்லை. யோஃப்ரிட் கெட்டவள் அல்லள். அவள் இனிமையானவள், சுறுசுறுப்பானவள், சிக்கனக்காரி. மாமியாரிடம் மரியாதையாகவே நடந்துகொள்கிறாள். அவளைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை என்பதுதான் கிறிஸ்தினுக்குத் தாங்க முடியாததாகிறது. கொடுமைக்கார மருமகள், கொடுமைக்கார மாமியார் என்ற வார்ப்புகளில் பழகிய நமக்கு, இருவரும் நல்லவர்களாக இருந்தும் ஒரே அடுப்பங்கரையில் இருக்க முடியாமல் போவதை இவ்வளவு நுட்பமாக எழுதியவர்கள் குறைவு.

செங்காந்தள்:

அந்தப் பகுதியில் என்னை உலுக்கியது மகன்கள் ஒவ்வொருவராக நழுவிப்போவது. பார்வை மங்கிக்கொண்டிருக்கும் பியோர்குல்ஃபும், அவனைத் தனியே விட மனமில்லாத மூத்தவன் நாக்வேயும் தௌத்ரா மடத்துக்குப் போய்விடுகிறார்கள். முனான் சிறுவயதிலேயே நோயில் இறக்கிறான். இரட்டையர் வெளியே வாழ்வு தேடிக்கொள்கிறார்கள், இன்னொரு மகன் லாவ்ரன்ஸ் ஐஸ்லாந்துக்குக் கப்பலேறுகிறான். இவர்களுக்காகத்தானே அவள் ஹௌகனில் தங்க மறுத்தாள்? ஏட்டுச்சுவடி ஐயா முதலில் சொன்ன கணக்கு இங்கேதான் தவறிப்போகிறது. யாருக்காகப் பண்ணையைக் காத்தாளோ அவர்களில் ஒருவனைத் தவிர வேறு எவருக்கும் அது தேவைப்படவில்லை. அந்த ஒருவனின் வீட்டிலும் அவளுக்கு வேலை இல்லை. எர்லெண்டின் மரணத்தோடு நூல் முடிந்திருந்தால் அவள் முடிவு சரியா தவறா என்பது நமக்குத் தெரியாமலே போயிருக்கும்.

நூலாசிரியரின் வாழ்வைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு குறிப்பு. ஏற்கெனவே மணமாகிக் குழந்தைகள் இருந்த ஓவியர் ஸ்வார்ஸ்டாடை விரும்பி, அவருடைய மணமுறிவுக்குப் பின் 1912இல் மணந்தவர் உன்செட். 1919இல் அவரைப் பிரிந்து லில்லஹாம்மரில் பிள்ளைகளோடு குடியேறி, இரவுகளில் விழித்து இந்த மூன்று நூல்களையும் எழுதினார். லில்லஹாம்மர், கிறிஸ்தினின் பள்ளத்தாக்கான குட்பிரான்ஸ்டாலனின் தென்முனையில் உள்ள ஊர். கணவனை விட்டுப் பிள்ளைகளோடு ஒரு பள்ளத்தாக்கில் நின்ற பெண்ணுக்கு, அவன் அழைத்தால் போய்த் தங்கியிருக்கலாமா என்ற கேள்வி வெறும் கதைக்கேள்வியாக இருந்திருக்காது என்று நினைக்கிறேன். இதற்குமேல் வாழ்வையும் கதையையும் ஒட்டவைப்பது முறையன்று. தந்தை இங்வால்ட் உன்செட் தொல்லியலாளர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இடைக்காலத்துப் பாத்திரம், பெட்டி, படுக்கை வரை அவருக்கு வீட்டுப்பாடமாகவே வந்தவை. 1928இல் நோபல் பரிசு கிடைத்ததும் முதன்மையாக வடபுலத்து இடைக்கால வாழ்வைச் சித்திரித்ததற்கே.

கரிசல்காட்டான்:

செங்காந்தள் சொன்னதை வைத்துக்கொண்டு மறுபடி ஹௌகனுக்கே வருகிறேன். தங்கினாளா இல்லையா என்பதைவிட, அவள் திரும்பி வந்தபின் செய்த ஒரு செயல்தான் என்னை எர்லெண்டின் பக்கம் தள்ளியது. அந்தக் கோடையில் கருவுற்றுப் பெற்ற எட்டாவது மகனுக்கு அவள் எர்லெண்ட் என்றே பெயர் வைக்கிறாள். இறந்துபோன உறவினரின் பெயரைத்தான் குழந்தைக்கு இடுவார்கள் என்ற வழக்கமுள்ள ஊரில், உயிரோடு இருக்கும் தந்தையின் பெயரை மகனுக்கு இடுவது, நீ எனக்குச் செத்துவிட்டாய் என்று ஊரைக் கூட்டிச் சொல்வதற்குச் சமம். அது அபசகுனம் என்பதும் எல்லாருக்கும் தெரியும். குழந்தை தேறாமல் வாடி இறந்துவிடுகிறது. ஹௌகனில் தங்காதது பிடிவாதம், பெயரிட்டது வன்மம்.

தாழம்பூ:

வன்மம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெயரை நான் ஒரு கூப்பாடாகவும் படித்தேன். தூது அனுப்பத் தன்மானம் இடம்கொடுக்காதவள், இந்தச் செய்தி கேட்டாவது கோபத்தோடு குதிரையேறி வருவான் என்று எதிர்பார்த்திருக்கிறாள். அவன் வரவில்லை. அவன் வராததனால்தான் குழந்தை வீட்டு மேற்பார்வையாளன் உல்ஃபினுடையது என்ற பேச்சு ஊரில் முளைக்கிறது, உல்ஃபின் மனைவியே அதை ஆயர் வரை கொண்டுபோகிறாள். குழந்தையைப் புதைத்த தாய், மகன்களின் முன்னால், விபசாரக் குற்றச்சாட்டோடு நிற்கிறாள். அந்த நிலைக்கு இருவருமே பொறுப்பு என்றால் ஏற்றுக்கொள்வேன். அவளை மட்டும் கூண்டில் ஏற்றாதீர்கள்.

வேனிற்காலம்:

இப்போது நீங்கள் சொல்லித்தான் பெயரின் கனம் எனக்குப் புரிகிறது. அப்படியானால் கடைசியில் மோதிரத்தைக் கொடுக்கும் காட்சியையும் யாராவது விளக்குங்கள். அதுவும் ஏதோ வழக்கத்தோடு தொடர்புடையதா?

ஏட்டுச்சுவடி:

வழக்கத்தோடு அவ்வளவாகத் தொடர்பில்லை. 1349இல் பெருங்கொள்ளைநோய் நார்வேயை அடைந்தபோது, சிறுவன் தோரேயைப் புதைகுழியிலிருந்து மீட்ட கிறிஸ்தினிடம், அவ்வளவு துணிச்சல் இருந்தால் கடற்கரைக் குடிலில் செத்துக் கிடக்கும் அவனுடைய தாய் ஸ்தெய்னுனை எடுத்து வா என்று அறைகூவுகிறார்கள். பழைய உல்ஃப் துணையோடு அவள் போகிறாள். நோய் தொற்றிச் சாகும் நேரத்தில், அந்த ஏழைப்பெண்ணின் ஆன்மாவுக்காகத் திருப்பலி நிறைவேற்றத் தன் கல்யாண மோதிரத்தையும், தந்தை கொடுத்த சிலுவையையும் கொடுத்துவிடுகிறாள். அதுவரை அவள் கழற்றாதவை அந்த இரண்டும். மோதிரம் போனபின் விரலில் அது பதித்த மரியாளின் முதலெழுத்து தழும்பாகத் தெரிகிறது. கணவன் போட்ட மோதிரமே, அவளுக்குத் தெரியாமல், அவள் ஆண்டவருக்குச் சொந்தமானவள் என்ற அடையாளத்தையும் இட்டிருந்தது என்று அவள் உணர்கிறாள். நெய்தல் வாசகி, காதலைச் சுருக்கிவிட்டார் ஆசிரியர் என்ற உங்கள் குற்றச்சாட்டுக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு நூலில் இல்லை. அந்தக் கல்யாணத்தைப் பாவம் என்று அவர் கடைசிவரை ஒதுக்கவில்லை. அவளை அழைத்துவந்த வழியே அதுதான் என்கிறார்.

நெய்தல் வாசகி:

மோதிரக் காட்சியை நானும் வியந்தே படித்தேன், ஐயா. ஆனால் அது அவளுக்கும் ஆண்டவருக்கும் இடையிலான கணக்கு. எர்லெண்டுக்கும் அவளுக்கும் இடையில் தீராமல் கிடந்ததை அது தீர்க்கிறதா? அவன் இறந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

செங்காந்தள்:

அவர்களுக்கு இடையில் கிடந்ததை எர்லெண்டே தீர்த்துவிட்டுப் போனான் என்பது என் எண்ணம். மகன் லாவ்ரன்ஸ் குதிரையேறிப் போய்த் தாய்மேல் விழுந்த பழியைச் சொன்னதும், இத்தனை காலம் இறங்காதவன் ஒரு கேள்வியும் கேட்காமல் இறங்கி வருகிறான். குழந்தை என்னுடையதா என்ற ஐயம் ஒரு கணமும் அவனுக்கு எழவில்லை. முற்றத்துக் கைகலப்பில் ஈட்டிக்குத்துப் பட்டுக் கிடக்கும்போது, தன் மனைவியைப் பற்றிய பொய்யை நம்பிய பாதிரியாரின் கையால் இறுதிச்சடங்கு வேண்டாம் என்று மறுத்துவிடுகிறான். அந்தக் காலத்து மனிதன் ஒருவன் பாவமன்னிப்பின்றிச் சாகத் துணிவது எத்தகையது என்று எண்ணிப்பாருங்கள். வாழ்நாள் முழுதும் அவளுக்கு இழப்பையே கொடுத்தவன், அவளுடைய மானத்துக்காகத் தன் மறுமையையே ஈடாக வைக்கிறான். நீங்கள் அற்பக் கைகலப்பு என்றீர்கள். கைகலப்பு அற்பமாக இருக்கலாம், சாவு அப்படியன்று.

நெய்தல் வாசகி:

அதை ஏற்கிறேன், செங்காந்தள். அந்த மறுப்பை நான் அவனுடைய வழக்கமான திமிர் என்றே படித்துக் கடந்திருந்தேன். நீங்கள் சொல்வது அதைவிடப் பொருத்தமாக இருக்கிறது. ஆனாலும் அந்தக் குதிரைச் சவாரியைக் குழந்தை உயிரோடு இருந்த காலத்திலேயே அவன் செய்திருக்கலாம் என்ற குறை எனக்கு அப்படியேதான் இருக்கிறது.